கல்யாணப் பாட்டில் ஒரு விளக்குமாறு

அந்த இரண்டு வரிகளை எழுதியவள் நான்.

பஸ்தியான் அல்ல. அல்வின் மாஸ்டரும் அல்ல. மன்னார் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தட்டச்சும் ஃபோட்டோக்கொப்பியும் செய்து கொடுக்கும் சின்னக் கடையில் இருக்கும் றீற்றாவாகிய நான்! ஒன்பது ஆண்டுகளாக இதை மறைத்தேன். மறைத்தது மட்டுமா குற்றம்? மறைத்துக்கொண்டு, உள்ளுக்குள் அதை ஆசைதீர ரசித்தேன். அதுதான் பெரிய குற்றம் என்று இப்போது தோன்றுகிறது.

உங்களுக்கு அந்தப் பாட்டைத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள்! பெண்ணை அனுப்பிவைக்கும் நேரத்தில் போடுவார்களே, அதுதான். நீங்களும் அதற்கு ஆடியிருப்பீர்கள். பேசாலையில் ஆடியிருப்பீர்கள், அல்லது இலண்டனில் ஏதாவது ஒரு மண்டபத்தில் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு ஆடியிருப்பீர்கள். மேளமும் கீபோடும் துள்ளிக்கொண்டு போகும். கிழவர்கள்கூட இடுப்பில் கைவைத்துவிடுவார்கள். பிறகு ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். குரல் மட்டும் தனியே வரும்...

"வீடு கூட்டும் அம்மா கையில் கொலுசுமணி ஒண்டு,
வீச மனம் வராமல் நிண்டாள் விளக்குமாறு கொண்டு."

ஆடியவர்கள் அப்படியே நிற்பார்கள். பெண்ணின் தாய் முந்தானையைத் தேடுவாள். நீங்களும் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பியிருப்பீர்கள். அடுத்த கணம் மேளம் மறுபடி விழும், அழுதவர்களே முன்னைவிட வேகமாக ஆடுவார்கள். அந்த இரண்டு வரி என்னுடையது!

இதோ, எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வெட்கமில்லாதவள்!

எப்படி நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன்.

அல்வின் மாஸ்டரை உங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசித்துத் தொடங்கி, இன்று தமிழர் கல்யாணம் நடக்கும் ஊரெல்லாம் தன் பாட்டை ஆடவைத்தவர். அவருக்குப் பாட்டெழுதியவர்கள் இருவர். ஒருவர் அரிப்பு என்ற ஊரில் கடல்தொழில் செய்யும் பஸ்தியான் அண்ணை. மற்றவர் முருங்கனுக்குப் பக்கத்தில் வயல் செய்யும் குடும்பத்துத் தவமலர் அக்கா.

பஸ்தியான் அண்ணை கட்டியது அல்வின் மாஸ்டரின் தங்கையை. அதனால் முதலில் வந்த பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டுமா? மச்சானுக்குத்தான் சந்தர்ப்பம் கொடுக்கிறார் என்றார்கள். மாஸ்டருக்கு ரோசம் வந்துவிட்டது. ஒருநாள் என் கடைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"றீற்றா, கையெழுத்தைக் கண்டா எனக்கு மனம் சாஞ்சிடும். ரெண்டுபேரும் பாட்டை உம்மட்டைத் தரட்டும். ஒரே மாதிரி ரைப் பண்ணி, பேர் போடாமல் ஒண்டு, ரெண்டு எண்டு எழுதித் தாரும். நான் பாடிப்பாத்து எடுக்கிறன். எடுத்த பிறகு ஆர் எண்டு சொன்னாக் காணும்."

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கம் ஆயிற்று. மாஸ்டர் மெட்டை "லாலா" என்று பாடி இருவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவார். இருவரும் எழுதியதைப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்துவிடுவார்கள். நான் தட்டச்சு செய்வேன். பாடகர் குழு நடுவில் மாஸ்டர் இரண்டையும் பாடிப்பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்வார். பிறகு நான் பெயரைச் சொல்வேன். குழுவில் பாதிப்பேர் கைதட்டுவார்கள், மீதிப்பேர் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். எவ்வளவு சந்தோசமான நாட்கள் அவை!

இருவரில் யார் சிறந்தவர் என்று மன்னாரில் கேட்டால் தேநீர் ஆறிப்போகும், விவாதம் ஆறாது. நான் சொல்கிறேன், கேளுங்கள். இருவர் எழுத்தையும் ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டவள் நான்தானே!

பஸ்தியான் அண்ணையின் வரிகள் காற்றுக்கு எதிரே கத்திப் பேசிப் பழகிய வாயிலிருந்து வருபவை. சின்னச் சொற்கள். வரி முடியும் இடத்தில் பாடகர் வாயைத் திறந்து இழுப்பதற்கு இடம் விட்டிருப்பார். "அலை வந்தா வள்ளம் ஆடும், அவள் வந்தா நானும் ஆடுவேன்." இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை! ஆனால் கேட்டவுடன் கால் எழும்பிவிடும். படித்துப் பார்த்தால் தட்டையாக இருப்பது பாடும்போது பறக்கும். அது பெரிய வித்தை. எனக்கு வராது.

தவமலர் அக்காவுடையது வேறு வகை எழுத்து. அவர் கண் எப்போதும் வீட்டுக்குள்ளேதான் நிற்கும். காதலைப் பற்றிக் கேட்டால், "பசிக்குதெண்டு சொல்லமாட்டான், பானையை ஒருக்காப் பாப்பான்" என்று எழுதுவார். அதைத் தட்டச்சு செய்த அன்று நான் விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பாடகர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், இழுக்க இடமில்லை என்று. பிறகு அதே வரியைத்தான் வீட்டில் போய்ப் பாடுவார்கள்.

அண்ணையின் பாட்டு கேட்டவுடன் பிடிக்கும். அக்காவின் பாட்டு மூன்றாம் நாள் பிடிக்கும், பிறகு விடாது. இதுதான் என் கணிப்பு. ஆண்டுக்கணக்காக அக்காவின் எழுத்தைத் தட்டித் தட்டி, அவர் பார்க்கிற மாதிரி பார்க்க நானும் என்னை அறியாமல் பழகிக்கொண்டேன். அங்கேதான் வினை இருந்தது.

அந்தக் கல்யாணப் பாட்டுக்கு அண்ணை அனுப்பிய தாள் நனைந்து வந்தது.

அவருடைய தாள் எப்போதும் நனைந்துதான் வரும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வள்ளம் தள்ளுகிற மனிதர்! வழக்கமாக ஓரம்தான் நனைந்திருக்கும். அன்று கடைசி இரண்டு வரி முழுக்க நீல மை கரைந்து ஓடிவிட்டது. ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. போன் எடுத்தேன். முள்ளிக்குளம் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டார், போன் கிடைக்கவில்லை. மாஸ்டரோ மாலைப் பயிற்சிக்குத் தாளைக் கேட்கிறார். மறுநாள் ஒலிப்பதிவு.

மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்வது? "தாள் நனைஞ்சுபோச்சு" என்றால் அது யாருடைய தாள் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடுமே! வயலிலிருந்து வரும் தாள் நனைவதில்லை. பெயரை மறைக்கும் வழக்கம் அன்றோடு உடைந்துவிடும். அதைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன்...

இல்லை. பொய். உங்களிடமாவது உண்மையைச் சொல்லவேண்டும்.

இரண்டு வரி இடத்தை வெறுமையாக விட்டு, "இங்கே பிறகு வரும்" என்று போட்டிருக்கலாம். அதில் யாருடைய குட்டும் உடைந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்ததை நான் தள்ளிவிட்டேன். ஏனென்றால் அந்த நேரம் என்னிடம் இரண்டு வரி இருந்தன!

அதற்கு முந்திய மாதம் என் தங்கை கல்யாணம் செய்து போனாள். மறுநாள் வீடு கூட்டியபோது விளக்குமாற்றில் சின்னதாக ஏதோ சிணுங்கியது. அவளுடைய கொலுசில் இருந்து விழுந்த மணி. அதைக் குப்பையோடு தள்ளவும் முடியவில்லை, அவளைக் கூப்பிட்டுக் கொடுக்க அவள் வீட்டிலும் இல்லை. நான் அப்படியே நின்றேன். அன்றைக்கு நின்றது நான்தான், அம்மா அல்ல. பாட்டில் அம்மா என்று மாற்றிக்கொண்டேன். அக்காவாக இருந்தால் அப்படித்தான் மாற்றியிருப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தட்டச்சு செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாலையில் மாஸ்டர் முதல் தாளைப் பாடினார். அது அக்காவுடையது, அழகாகத்தான் இருந்தது. குழுவில் இரண்டு பெண்கள் அதுதான் வேண்டும் என்று கண்ணால் சொன்னார்கள். இரண்டாவதைப் பாடினார். கடைசிக்கு வந்ததும் அவர் விரல்கள் கீபோடிலிருந்து தாமாகவே எழும்பிவிட்டன. வாத்தியம் நின்றது. குரல் மட்டும் போனது. குழுவில் மூத்த பாடகி, "கல்யாணப் பாட்டில விளக்குமாறோ! தரித்திரம்!" என்றாள். சொன்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"இதுதான்," என்றார் மாஸ்டர். "ஆர் றீற்றா?"

அந்தக் கேள்விக்கு அண்ணை, நான், இருவரும் என்று மூன்று பதில்கள் இருந்தன. நான் ஒன்றைத்தான் சொன்னேன்.

"பஸ்தியான் அண்ணை."

இரண்டு வாரம் கழித்து அண்ணை கரைக்கு வந்தார். பாட்டு அதற்குள் வெளிவந்து ஊரெல்லாம் ஓடியிருந்தது. பேருந்தில் அதைக் கேட்டுவிட்டு நேரே என் கடைக்கு வந்தார். இதோ பிடிபட்டேன் என்று எழும்பி நின்றேன். அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தக் கடைசி ரெண்டு வரி..."

"ஓம் அண்ணை..."

"நான் எழுதேக்க இவ்வளவு நல்லா இருந்ததே?"

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு என்ன எழுதினனான் எண்டே ஞாபகமில்லை. ஆனா நான்தான் எழுதியிருப்பன். வேற ஆர்?"

வேற ஆர்! அதற்கு நான் என்ன சொல்ல? சொல்லியிருக்கவேண்டும். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

அதன்பிறகு அவருக்கு ஞாபகம் வரத் தொடங்கியது! ஒரு வானொலிப் பேட்டியில் கேட்டபோது, வலை காயப்போட்டுக்கொண்டு இருக்கும்போது அந்த வரி வந்ததாகச் சொன்னார். ஒரு யூடியூப்காரரிடம், தலைமயிர் வெட்டக் காத்திருக்கும்போது வந்தது என்றார். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில், தாயார் கனவில் வந்து பாடிக்காட்டியதாகச் சொல்லித் தானும் அழுது, கேட்டவர்களையும் அழவைத்தார். நானும் அழுதேன். என் வரிக்கு இவ்வளவு வரலாறு இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போயிற்றே!

இதுவரை சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டே காலம் ஓட்டியிருப்பேன், தவமலர் அக்கா மட்டும் பாட்டு வெளிவந்த மாதக் கடைசியில் கடைக்கு வராமல் இருந்திருந்தால்.

"றீற்றா, என்ர கொப்பியைத் தாரும்," என்றார். அவருடைய பாட்டுகள் எழுதிய கொப்பி ஒன்று எப்போதும் என் அலுமாரியில் இருக்கும்.

"ஏனக்கா? ஒரு பாட்டுத் தவறினதுக்கோ?"

"எத்தினை பாட்டுத் தவறியிருக்கு, அதுக்கெல்லாம் விட்டனானே? இது வேற." கொப்பியை வாங்கிப் பையில் வைத்தார். "கடலுக்குப் போற மனுசன் அந்தக் கொலுசுமணியைக் கண்டிட்டுது. நாள்முழுக்க வீடு கூட்டுற என்ர கண்ணில படேல்லை. பிறகென்னத்துக்கு நான் எழுதவேணும்?"

முருங்கன் பேருந்து ஹோர்ன் அடித்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அக்கா, நில்லுங்கோ" என்று கூப்பிட வாய் திறந்தேன். கடையில் பிறப்புச் சான்றிதழ் கொப்பிக்கு மூன்று பேர் நின்றார்கள். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன்.

அவர் அதன்பிறகு எழுதவில்லை. ஒன்பது ஆண்டு! மன்னாரிலும் பேச்சு முடிந்துவிட்டது. தவமலரின் இடத்துக்கே போய்த் தவமலரை வென்றுவிட்டார் பஸ்தியான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் பாதி உண்மையைத்தான் சொன்னார்கள். அவருடைய இடத்துக்குள் புகுந்து, அவரிடம் கற்றதை வைத்தே அவரை வென்றது யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன்! முழந்தாளில் இருந்தேன். பத்துக் கட்டளைகளில் எதில் சேர்ப்பது? களவு என்றால், நான் எடுக்கவில்லை, கொடுத்தேன். பொய் என்றால், பஸ்தியான் அண்ணை பெயரில் ஒன்றும் கெடுதலாகச் சொல்லவில்லை. கடைசியில் கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று வழக்கமான பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். வெளியே வந்தால், பக்கத்து வளவில் கல்யாணம். அந்தப் பாட்டுத்தான் போகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மதில் ஓரமாக நின்று, அந்த இரண்டு வரி வரும்வரை காத்திருந்து கேட்டுவிட்டுத்தான் வீடு போனேன்!

சரி, போன மாதத்துக்கு வருகிறேன்.

அல்வின் மாஸ்டருக்குக் கோயில் பங்கு மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். இரண்டு கவிஞர்களின் எழுத்தையும் தட்டச்சு செய்தவள் என்று, இருவரையும் ஒப்பிட்டுப் பேச என்னைக் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். மேடையிலேயே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, சேலையையும் அதற்கேற்ற மாதிரி அடக்கமான நிறத்தில் கட்டிக்கொண்டு போனேன்.

முன்வரிசையில் பஸ்தியான் அண்ணை. புது வெள்ளைச் சட்டை, நனையாத சட்டைப்பை. பக்கத்தில் மனைவி, பேரப்பிள்ளைகள். நான் அவர் வரிகள் எப்படிப் பறக்கும் என்று பேசினேன், மண்டபம் கைதட்டியது. தவமலர் அக்காவின் பானை வரியைச் சொன்னேன், அதற்கும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அக்கா தலைகுனிந்து இருப்பது தெரிந்தது. அடுத்து கொலுசுமணிக்கு வந்தேன். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்து பேரனின் காதில் ஏதோ சொன்னார். "இது தாத்தா எழுதினது" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளை அவரை அண்ணாந்து பார்த்த பார்வை!

நான் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கினேன்.

பிறகு சாப்பாடு. மண்டபத்துக்குப் பின்னே கோப்பை கழுவும் இடத்தில் அக்கா தனியே நின்றார். போய்ச் சொல்லிவிட்டேன். நனைந்த தாள், என் தங்கை, மணி, எல்லாம். மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீரோ எழுதினது?"

"ஓம் அக்கா."

"அப்ப... அந்த மணியைக் கண்டது பஸ்தியான் இல்லை?"

"இல்லை."

சிரித்தார் பாருங்கள்! சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடி ஆத்தை! ஒரு ஆம்பிளை கண்டிட்டான், எனக்குத் தெரியேல்லை எண்டெல்லோ வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தனான்! வீடு கூட்டினவள்தானே கண்டிருக்கிறாள்!" நானும் சிரித்தேன். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஒன்பது ஆண்டுப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது உள்ளே அந்தப் பாட்டைப் போட்டார்கள். அக்காவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"ஒன்பது வருசம், றீற்றா," என்றார். "ஒன்பது வருசத்தில நான் எத்தினை எழுதியிருப்பன்?"

அக்காவே தொடர்ந்தார். "பஸ்தியானுக்குச் சொல்லாதையும், அந்த மனுசன் தாங்காது," என்று மட்டும் சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

போன கிழமை முருங்கன் பேருந்து நடத்துநர் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தார். அக்காவின் கையெழுத்து! தையில் அவர் மகளுக்குக் கல்யாணம். அதற்கு மாஸ்டர் போட்ட மெட்டுக்கு அக்கா எழுதிவிட்டார்! நான் கடையில் நின்றபடியே துள்ளினேன். கொப்பி எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். என்ன எழுத்து! மகள் போனபின்னும் பழக்கத்தில் ஒரு கோப்பை அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டு, பிறகு அள்ளி எடுக்கும் தாய் அதில் இருக்கிறாள். ஒன்பது ஆண்டும் அவர் கண் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கடைசிக்கு வந்தேன். இரண்டு வரி இடத்தில் வெறும் புள்ளிகள். கீழே சின்னதாக எழுதியிருந்தார்:

"இந்த இடம் நனையேல்லை. வேணுமெண்டுதான் விட்டனான். றீற்றா, நீர் நிரப்பும். நிரப்பினா உம்மட பேரையும் போடும்."

இது பரிசா? தண்டனையா? எத்தனை தரம் வாசித்தும் எனக்கு விளங்கவில்லை. என் பெயரோடு இரண்டு வரி வந்தால், கொலுசுமணி வரியும் யார் எழுதியது என்று மன்னாரில் குழந்தைக்கும் தெரிந்துவிடும். பேரனின் அந்தப் பார்வை என்ன ஆகும்? நிரப்பாவிட்டால், அக்கா திரும்பி வந்த முதற்பாட்டு அரைகுறையாகப் போகும். அதுவும் மகளின் கல்யாணத்துக்கு!

இதை உங்களுக்கு எழுதுகிறேன். பஸ்தியான் அண்ணை தன் பாட்டைத் தவிர வேறெதையும் வாசிக்கமாட்டார் என்ற துணிவு ஒருபக்கம், யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்கள் என்ற பயம் மறுபக்கம். ஆனால் உங்களிடம் கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதுகூட இப்போதைக்கு என் சிக்கல் இல்லை.

யாரும் கேட்காதபோது ஒரு நிமிடத்தில் வந்தது. கேட்டபின், ஒரு கிழமையாக வரவில்லை. காலையில் வீடு கூட்டும்போது ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்க்கிறேன். ஒன்றும் சிணுங்கவில்லை.

மாஸ்டர் இன்றும் போன் எடுத்துத் தாள் ஆயத்தமா என்று கேட்டார். ஆயத்தம் என்றுதான் சொன்னேன். பாட்டு முழுவதையும் தட்டச்சு செய்துவிட்டேன், கடைசியில் அந்தப் புள்ளிகளையும் அப்படியே தட்டி வைத்திருக்கிறேன்.